பொட்டு வைத்த வண்டுகள்

என் ஒன்றுவிட்ட தம்பி மகன் மலாக்காவுக்குப் பக்கத்தில் பாயா ரும்புட்டில் புதுவீடு வாங்கியிருக்கிறான். பால் காய்ச்சிய அன்று முழங்கால் என்னை விடவில்லை. போன மாதம் அவனே காரெடுத்து வந்து என்னை அள்ளிப் போட்டுக்கொண்டு போனான். கூடத்துக்குள் காலை வைத்தவள் எதிர்ச் சுவரைப் பார்த்து அப்படியே நின்றுவிட்டேன். வரிசையாக ஆறு சட்டங்கள். ஒவ்வொன்றிலும் ஒரு பூச்சி. கொம்பு முளைத்த வண்டு, சிறகு விரித்த தட்டான், கட்டைவிரல் தடிமனில் ஒரு வெட்டுக்கிளி. காலுக்கும் சிறகுக்கும் பக்கத்தில் பொடிப்பொடியாக எண்கள். அடியில் சாய்ந்த எழுத்தில் ஏதோ பெயர்.

"என்ன அத்தை, பயந்துட்டீங்களா?" என்றாள் அவன் மனைவி. "இதெல்லாம் அந்தக் காலத்து வெள்ளைக்காரங்க வரைஞ்ச படம் அத்தை. ஆன்லைன்ல எடுத்து பிரிண்ட் போட்டோம். இப்ப எல்லாரும் இப்படித்தான் டெக்கரேட் பண்றாங்க லா."

எனக்குச் சிரிப்பு வந்தது. எழுபது வருடத்துக்கு முன்னாலேயே ரெம்பியா பக்கத்தில் ஒரு லயத்து வீட்டில் இந்த அலங்காரத்தை நாங்கள் செய்து முடித்துவிட்டோம் என்று சொன்னால் அந்தப் பெண் நம்புவாளா? கிழவிக்கு வயதாகிவிட்டது என்பாள். வயதாகத்தான் செய்கிறது, அதற்காகச் சொல்லாமல் இருக்க முடியுமா? அவளிடம் சொல்லவில்லை. உங்களிடம் சொல்கிறேன்.

அந்த வீட்டில் புதுப் பலகை வாசனை அடித்தது. அலமாரி எல்லாம் புதிதாக அடித்திருந்தான். அந்த வாசனைதான் என்னை இழுத்துக்கொண்டு போனது என்று நினைக்கிறேன். அவசரகாலத்தில் எங்களைக் கொண்டுபோய் வைத்த புது லயத்திலும் இதே வாசனைதான். அதற்கு முன் எங்கள் ரப்பர் தோட்டத்தில் கூலிக்காரர்களின் வரிசை வீடுகளான லயங்கள் இங்கொன்றும் அங்கொன்றுமாகக் கிடந்தன. காட்டுக்குள் ஒளிந்து வெள்ளைக்காரனோடு சண்டை போட்ட கம்யூனிஸ்டுகளுக்கு யாரும் அரிசி கொடுத்துவிடக் கூடாது என்று எல்லோரையும் தொழிற்சாலைப் பக்கம் ஒரே இடத்துக்குக் கொண்டுவந்து, சுற்றி முள்கம்பி வேலி போட்டு, ஒரே ஒரு கேட் வைத்தார்கள். இரண்டு லாரி, ஒரே நாள், எல்லாம் முடிந்தது. அம்மா முருகன் படத்தை மடியில் வைத்துக்கொண்டு லாரியில் உட்கார்ந்திருந்தாள். லாரி ஒரு பள்ளத்தில் இறங்கி ஏறியதில் கண்ணாடி விரிசல் விட்டுவிட்டது. பழைய வீட்டை விட்டு வந்ததற்கு அழாதவள் அந்தக் கண்ணாடிக்கு அழுதாள்.

புது லயம் என்றால் பேருக்குத்தான் புதுசு. அவசரத்துக்குப் பச்சை மரத்தை அறுத்து அடித்திருந்தார்கள். இரண்டு மாதத்தில் பலகை காய்ந்து சுருங்கி, நடுவில் விரல் போகிற அளவுக்குச் சந்து விட்டது. பக்கத்து வீட்டில் என்ன குழம்பு என்று மூக்கு சொல்வதற்கு முன்னால் கண் சொல்லிவிடும். அவர்களுக்கு எங்கள் வீடும் அப்படித்தான். நான் சேலை மாற்ற இருட்டான மூலையைத் தேடிக்கொண்டிருந்த வயது.

எனக்கு அப்போது பதினெட்டு. பால்வெட்டுக்குப் போய்க்கொண்டிருந்தேன். விடிவதற்குள் கேட்டில் வரிசையில் நிற்க வேண்டும். பெண்களைச் சோதிக்க ஒரு பெண் இருந்தாள். மடியைத் தடவுவாள், கொண்டையை அமுக்கிப் பார்ப்பாள், தண்ணீர் போத்தலைத் திறந்து மோந்து பார்ப்பாள். வேலிக்கு வெளியே ஒரு பிடி சோறு கொண்டு போகக் கூடாது. பால்டின்னைக்கூடக் கடையிலேயே துளை போட்டுத்தான் கொடுப்பார்கள், பதுக்கி வைக்க முடியாதாம். அந்தப் பெண்மேல் எனக்குக் கோபமில்லை, அவளுக்கும் அது கூலி வேலைதான். ஆனால் தினமும் ஒருத்தி என் மடியைத் தடவியது எனக்கு இன்றைக்கும் எரிகிறது.

அப்பா துரை பங்களாவில் பூச்செடி பார்க்கிற வேலையில் இருந்தார். காலம் கெட்டுக் கிடந்ததால் துரைசானி குழந்தைகளோடு கப்பலேறிப் போய்விட்டாள். துரையும் டவுனில் தங்கிக்கொண்டு, காவலோடு வந்து போனார். பங்களாவைக் காலி செய்த அன்று, வேலைக்காரர்கள் வேண்டியதை எடுத்துக்கொள்ளலாம் என்று சொல்லிவிட்டார்கள். சமையல்காரர் மெத்தையை எடுத்தார். டிரைவர் வலை போட்ட அலமாரியை எடுத்தார். சாய்வு நாற்காலி கங்காணி வீட்டுக்குப் போனது. என் அப்பா மட்டும், வெயிலில் கிடந்த பூந்தொட்டிகளையெல்லாம் நிழலுக்கு நகர்த்தி வைத்துவிட்டுத்தான் உள்ளே போயிருக்கிறார். அதற்குள் வராந்தாச் சுவரில் ஆறு பூச்சிப் படங்களைத் தவிர எதுவும் மிச்சமில்லை.

ஆறையும் சாக்கில் சுற்றித் தோளில் வைத்துக்கொண்டு வந்தார். அம்மா ஒவ்வொன்றாகப் பிரித்துப் பார்த்தாள்.

"அவனவன் கட்டிலு மேசன்னு தூக்கிட்டு வரான். நீங்க பூச்சிக்குக் கண்ணாடி போட்டுக் கூட்டிட்டு வந்திருக்கீங்க."

"கண்ணாடியப் பாரு. சட்டத்தப் பாரு. முருகனுக்கு ஆவும்ல" என்றார் அப்பா.

முருகனுக்கு ஒன்று ஆயிற்று. கடைக் காலண்டரில் இருந்த லட்சுமியை வெட்டி இன்னொன்றில் போட்டாள் அம்மா. அவற்றிலிருந்து கழற்றிய அந்துப்பூச்சியும் தட்டானும் அடுப்படிப் பலகைச் சந்துகளை மறைத்து ஒட்டப்பட்டன. ஒரே மாதத்தில் புகை அவற்றைத் தின்றுவிட்டது. மிச்சம் நாலு. அவற்றுக்குப் போட எங்களிடம் சாமி இல்லை. சந்துகளை மறைக்க எதையாவது மாட்டித்தான் ஆக வேண்டும். அதனால் கொம்பு வண்டு, வெட்டுக்கிளி, கும்பிடுபூச்சி, குளவி என்று நாலும் முருகனுக்குப் பக்கத்தில் வரிசையாக ஏறிவிட்டன.

சாமி கிடைக்கும்வரைதான் என்று பேச்சு. ஆனால் அப்பாவுக்கு அவற்றைப் பிடித்துவிட்டது என்று எனக்குத் தெரியும். சாயங்காலம் தேத்தண்ணிக் கோப்பையோடு எதிரில் உட்கார்ந்துகொள்வார். வாழ்நாள் முழுக்க அவற்றோடு மல்லுக்கு நின்றவர் அல்லவா? கொம்பு வண்டைக் காட்டி, "இவன் தென்னங்குருத்துல எறங்கிட்டான்னா அவ்வளவுதான். கம்பி விட்டுக் குத்தித்தான் எடுக்கணும்" என்பார். அதைச் சொல்லும்போது அவர் குரலில் ஒரு மரியாதை இருக்கும். வெட்டுக்கிளியின் பின்னங்காலில் பச்சை நிறம் கோட்டைத் தாண்டி வழிந்திருந்தது. வரைந்தவருக்கு அன்றைக்குக் கை நடுங்கியிருக்கும் என்று அப்பா சொல்வார். நான்கூட யாருக்கும் தெரியாமல் அந்தக் கும்பிடுபூச்சிக்குப் பதில் வணக்கம் போட்டிருக்கிறேன்.

இப்படியே போயிருந்தால் சொல்ல ஒன்றும் இருந்திருக்காது. கெடுத்தது அம்மாவின் கைதான். நம் வீடுகளில் வெள்ளிக்கிழமை சுவரில் உள்ள படங்களின் கண்ணாடியைத் துடைத்து, சந்தனம் வைத்து, நடுவில் குங்குமம் வைப்பது வழக்கம். அதைக் கண் பார்த்துச் செய்வதில்லை, கை தானாகச் செய்யும். அம்மா முருகனுக்கு வைத்தாள், லட்சுமிக்கு வைத்தாள், வாய் ஏதோ முணுமுணுக்க அப்படியே நகர்ந்து வண்டுக்கு வைத்தாள், வெட்டுக்கிளிக்கு வைத்தாள், கும்பிடுபூச்சிக்கு வைத்தாள். குளவிக்கும் வைத்துவிட்டு ஓரடி பின்னால் வந்து பார்த்தவள், "அய்யய்யோ" என்று வாயில் கையை வைத்தாள்.

நான் விழுந்து விழுந்து சிரித்தேன். அப்பாவும் சிரித்தபடி, "சரி, தொடச்சிடு" என்றார்.

"வச்ச பொட்ட அழிக்கச் சொல்றீங்களா? வெள்ளிக்கிழமையும் அதுவுமா? வெளக்கு வச்ச நேரத்துல?"

புருஷன் செத்தால்தான் பொட்டு அழியும். பொட்டை அழிக்கிற கை ஒரு வீட்டில் வேண்டவே வேண்டாம் என்பதில் அம்மா கறாராக இருந்தாள். அடுத்த வெள்ளிக்குள் குங்குமம் பாதி உதிர்ந்து போயிருந்தது. பாதிப் பொட்டு அதைவிட மோசம் என்று அவளே புதிதாக வைத்துவிட்டாள். பிறகு என்ன, வாராவாரம் பூச்சிகளுக்குப் பொட்டுதான். ஒருநாள் பக்கத்து வீட்டு அக்கா, குளவி கொட்டி முகம் வீங்கிய தன் மகளை இழுத்துக்கொண்டு வந்து குளவிப் படத்தின் முன்னால் நிறுத்தி, "நல்லா வேண்டிக்க" என்றாள். வீக்கம் மறுநாள் வடிந்துவிட்டது. எப்படியும் வடியும். ஆனால் எங்கள் வீட்டுக்குப் 'பூச்சிசாமி வீடு' என்று பேர் வந்துவிட்டது.

அந்த நேரத்தில்தான் கங்காணி மாமா ஒரு வரன் கொண்டுவந்தார். மாப்பிள்ளை மலாக்காவில் ஓர் அச்சகத்தில் எழுத்துக் கோர்க்கிற வேலை. அப்பா இல்லை, அம்மா மட்டும்தான். பையன் கறுப்பா சிவப்பா, குட்டையா நெட்டையா என்று நான் ஒன்றும் கேட்கவில்லை. மலாக்காவில் வேலி கிடையாது. வீட்டைவிட்டு வெளியே போக வரிசையில் நிற்க வேண்டாம். என் மடியை யாரும் தடவ மாட்டார்கள். உள்ளதைச் சொல்லிவிடுகிறேன், நான் கல்யாணம் செய்துகொள்ள நினைத்தது மாப்பிள்ளையை அல்ல, அந்த ஊரை.

ஞாயிற்றுக்கிழமை பெண் பார்க்க வருவதாக முடிவானது. வெள்ளியன்றே வீட்டில் சண்டை. அப்பா படங்களை ஒருநாளைக்குக் கழற்றி வைக்கலாம் என்றார். கழற்றினால் பக்கத்து வீடே சந்தில் கண்ணை வைத்து வேடிக்கை பார்க்கும் என்றாள் அம்மா. பொட்டையாவது இந்த வாரம் வைக்காமல் விடு என்றார். பெண் பார்க்க வருகிற வாரத்தில் பொட்டை நிறுத்துவதா என்று அம்மா சீறினாள். பூச்சிகள் பளிச்சென்று புதுக் குங்குமத்தோடு மாப்பிள்ளை வீட்டாருக்குத் தயாராக இருந்தன.

மூன்று பேர் வந்தார்கள். மாப்பிள்ளை, அவருடைய அம்மா, தாய்மாமன். பஸ்ஸில் இறங்கி, செம்மண் பாதையில் நடந்து, கேட்டில் அடையாள அட்டையைக் காட்டிப் பேர் எழுதிவிட்டு வந்தார்கள். ஐந்து மணிக்குள் வெளியேறிவிட வேண்டும். அந்த அம்மாளின் நெற்றி வெறுமையாக இருந்தது. வந்தவர் உள்ளே வராமல் வாசற்படி ஓரமாகவே உட்கார்ந்துகொண்டார். சுப காரியத்துக்கு முன்னால் நிற்கக் கூடாது என்று அவருக்கு அவரே வைத்துக்கொண்ட எல்லை அது.

நான் காப்பித் தட்டோடு வந்தபோது தாய்மாமன் சுவரை வெறித்துப் பார்த்துக்கொண்டிருந்தார். மாப்பிள்ளை எழுந்து போய் வெட்டுக்கிளியிடம் முகத்தைக் கொண்டுபோய், "இது அச்சுல வந்த கலர் இல்ல மாமா. கோடுதான் அச்சு. கலர் கையால போட்டிருக்காங்க" என்றார். அவர் பேசி நான் முதலில் கேட்டது அதுதான். அப்பாவின் முகம் மலர்ந்தது. ஆனால் தாய்மாமனுக்குக் கலரைப் பற்றிய கவலை இல்லை.

"இது என்ன சாமிங்க?" என்றார்.

அம்மா விழித்தாள். தெரியாமல் பூச்சிக்குப் பொட்டு வைத்துவிட்டேன் என்று சம்பந்தம் பேச வந்தவர்களிடம் எப்படிச் சொல்வது? "அது வந்துங்க... அவங்க ஊர்ப்பக்கத்துச் சாமி" என்று அப்பாவைக் கைகாட்டினாள். அப்பாவுக்குப் பொய்யும் வராது, அம்மாவை மறுத்துப் பேசவும் வராது. இருமினார்.

தாய்மாமன் காப்பியைக் கீழே வைத்தார். "அக்கா, வெளியிலயும் இத பூச்சிசாமி வூடுன்னுதான் சொன்னாங்க. பூச்சியக் கும்புடற குடும்பம்னா நாம கொஞ்சம் யோசிக்கணும்" என்றார். கங்காணி மாமா என்னவோ சமாளிக்கப் பார்த்தார். மலாக்கா கைவிட்டுப் போய்க்கொண்டிருக்கிறது என்று தெரிந்தது. பெண் வாயைத் திறக்கக் கூடாத இடம் அது. நான் திறந்துவிட்டேன்.

"சாமி இல்லீங்க. தென்னைய அழிக்கிற வண்டுங்க. அம்மா பழக்கத்துல தெரியாம பொட்டு வச்சிட்டாங்க. வச்ச பொட்ட அழிக்க மனசு வரல. அதான் வாராவாரம் வைக்கிறாங்க."

அம்மா முந்தானையால் முகத்தை மூடிக்கொண்டாள். பலகைச் சந்துக்கு அந்தப் பக்கம் யாரோ களுக்கென்று சிரித்தார்கள். வாசற்படியில் இருந்த அம்மாள் மட்டும் என்னையே பார்த்துக்கொண்டிருந்தார். பிறகு யாரிடமும் சொல்லாதது போலப் பேச ஆரம்பித்தார்.

"எங்க வூட்டுக்காரர சப்பான்காரன் சயாமுக்கு ரயில் போடப் புடிச்சிட்டுப் போனான். இவனுக்கு அப்ப பன்னெண்டு வயசு. சண்ட முடிஞ்சி சில பேரு வந்தாங்க. இவரு வரல. செத்துட்டாருன்னும் ஒருத்தரும் சொல்லல. பொட்ட அழி, பொட்ட அழின்னாங்க எல்லாரும். நான் மாட்டேன்னுட்டேன். ஒருவேள வந்துட்டார்னா என்னைய அந்தக் கோலத்துல பாக்கக் கூடாதுல்ல?"

தாய்மாமன் தரையைப் பார்த்தார்.

"அப்புறம் பெம்பான் பக்கம் எங்க தோட்டத்துலயும் லயத்த எடுத்துட்டாங்க. லாரியில ஏறித் திரும்பிப் பாக்குறேன், எங்க வூட்டச் சாய்ச்சிட்டிருக்காங்க. இனிமே அந்த மனுசன் வந்தாலும் எங்கன்னு வருவாரு? லாரி போகப் போக முந்தானையால தொடச்சிட்டேன். யாரும் சொல்லல. நானேதான் தொடச்சேன்."

அவர் எழுந்தார். முதல் முறையாக வாசற்படியைத் தாண்டி உள்ளே வந்து, சுவரருகே நின்று, நாலு பூச்சிகளையும் ஒவ்வொன்றாகப் பார்த்தார். அம்மாவிடம் திரும்பி, "நானா இருந்தாலும் அழிச்சிருக்க மாட்டேன் தங்கச்சி" என்றார். பிறகு தம்பியிடம், "தை மாசம் வச்சிக்கலாம்" என்றார். அம்மா அவர் கையைப் பிடித்துக்கொண்டு அழுதாள். எனக்கும் அழுகை வந்தது, கூடவே வெட்கமாகவும் இருந்தது. ஓர் ஊருக்காக மட்டும் அந்த வீட்டுக்குள் போக நினைத்திருந்தேன்.

சுட்ட முறுக்கில் ஒன்றைக்கூட அவர்களுக்குக் கட்டிக் கொடுக்க முடியவில்லை. கேட்டில் பிடித்தால் அவர்களுக்குத்தான் வம்பு. அதனால் அம்மா இருந்த எல்லாவற்றையும் அங்கேயே சாப்பிட வைத்து அனுப்பினாள். தாய்மாமன் நடக்க முடியாமல் நடந்து போனார்.

தையில் கல்யாணமாகி மலாக்காவுக்கு வந்தேன். வேலி இல்லாத ஊரில் முதல் வாரம் காரணமே இல்லாமல் வெளியே போய்ப் போய் வந்தேன். மாமியார் ஒன்றும் கேட்கவில்லை. என் கணவர் நல்ல மனிதர், குட்டைதான். பூச்சிப் படங்கள் நாலும் அப்பா இருந்தவரை ரெம்பியாவில் இருந்தன, அம்மா வாராவாரம் பொட்டு வைத்துக்கொண்டிருந்தாள். கடைசியில் கறையான் சட்டத்தைத் தின்று, காகிதத்தையும் தின்றது. அப்பா இருந்திருந்தால் கறையானைப் பற்றியும் மரியாதையாக நாலு வார்த்தை சொல்லியிருப்பார். அந்தத் தோட்டம் முழுக்க இன்று வீடமைப்புப் பகுதி. லயம் எங்கே இருந்தது என்று எனக்கே அடையாளம் தெரியவில்லை.

அவசரகாலம் முடிந்து, வேலிகளையெல்லாம் எடுத்த பிறகு, ஒருநாள் மாமியார் மகனிடம் தன்னைப் பழைய தோட்டத்துக்குக் கூட்டிப் போகச் சொன்னார். நானும் கைக்குழந்தையோடு போனேன். பெம்பானில் இறங்கி வெகுதூரம் நடந்தோம். லயம் இருந்த இடத்தில் ஆளுயரத்துக்கு லாலான் புல். கிணற்றின் சிமெண்ட் வளையத்தை வைத்துத் தன் வீடு இருந்த இடத்தைக் கண்டுபிடித்தார். கொஞ்ச நேரம் நின்றார். அழவில்லை. திரும்பும்போது தோட்டத்து முனையில் காவல் குடிசையில் ஒரு பெரியவர் இருந்தார். மாமியார் அவரிடம் போனார்.

"அண்ணே, பழைய லயத்து ஆளுங்கள யாராச்சும் கேட்டு வந்தா, மலாக்காவுல இருக்கோம்னு சொல்லுங்க. ஆத்தோரம், அரிசிக் கடைக்கு எதுத்த சந்து. மூணாவது வூடு."

"யாரும்மா கேட்டு வரப் போறாங்க?"

"யாராச்சும் வந்தா."

அவரைத் திருப்பிச் சொல்லச் சொன்னார். நாலாவது வீடு என்றார் அவர். "மூணாவது" என்று திருத்தி, இன்னொரு தடவை சொல்ல வைத்த பிறகுதான் நகர்ந்தார். என் கணவர் குழந்தையை என்னிடமிருந்து வாங்கிக்கொண்டு எங்களுக்கு முன்னால் வேகமாக நடந்தார்.

மாமியார் அதற்குப் பிறகு பதினோரு வருடம் இருந்தார். அந்தக் காவல்காரர் எப்போது போனாரோ தெரியாது. ஆற்றோரத்து அந்தச் சந்து வீடுகளையும் பின்னால் இடித்துவிட்டார்கள். மூன்றாவது வீடு இருந்த இடத்தில் இப்போது கார் நிறுத்துகிறார்கள்.